உங்களுக்குத் தெரியுமா? மயிலாப்பூருக்கு வந்த பாலைவனம்

வடக்கு மாட வீதியில் ஒரு வீடு. திண்ணையில் டபராவில் காபி ஆறுகிறது. அடுக்களையில் புளி ஊறுகிறது. வாசலில் பால்காரர் போன மாத பாக்கியைக் கேட்டு நிற்கிறார். காபி, புளி, பாக்கி ஆகிய மூன்றுக்கும் அரபு நாட்டோடு உறவு உண்டு. நம் தெருவுக்கும் அந்தப் பாலைவனத்துக்கும் இடையே உள்ள நெருக்கத்தைச் சொல்லும் 26 துணுக்குகள் இதோ.

1. டபராவில் யேமன்

மயிலாப்பூரின் பெருமையான ஃபில்டர் காபியின் வேர் அரேபியாவின் தென்மேற்கு மூலையில், யேமன் மலைச்சரிவுகளில் இருக்கிறது. இரவெல்லாம் இறைவனைத் துதிக்கக் கண் விழித்த அங்குள்ள சூஃபிகள் 15-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குடித்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'கஹ்வா'. ஹஜ் முடித்துத் திரும்பிய பாபா புதான் என்ற பெரியவர் 7 காபிக் கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது கர்நாடகத்தில் வழிவழியாக வரும் செய்தி. அந்த மலைக்கு இன்றும் பாபா புதான் கிரி என்றே பெயர்.

2. இந்தியாவின் பேரீச்சை

அரேபியருக்குப் பேரீச்சம்பழம்தான் சோறு. பழத்துக்கு அவர்கள் சொல் 'தமர்'. நம் ஊர்ப் புளியைப் பார்த்ததும், கருத்துப் பிசுபிசுவென்று இருந்த அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்: 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. ஆங்கிலத்தில் புளிக்கு வழங்கும் 'டாமரிண்ட்' அதன் திரிபுதான். வத்தக்குழம்பு கொதிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. வாயில் புழங்கும் அரபு

பாக்கி, வசூல், வக்கீல், வாரிசு, அசல், நகல், ஜில்லா, தாலுகா எல்லாம் அரபு வேரிலிருந்து, பெரும்பாலும் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தவை. சில சொற்கள் வழியில் பொருள் மாறின. 'சவால்' அங்கே வெறும் கேள்வி. 'தகராறு' என்றால் அங்கே திரும்பத் திரும்பச் சொல்வது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தால் கடைசியில் என்ன ஆகும் என்பதை நம் தமிழ் சரியாகப் பிடித்துக்கொண்டது.

4. இந்தியா அளவு பாலை

அரேபியத் தீபகற்பத்தின் பரப்பு ஏறத்தாழ 32 லட்சம் சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட நம் இந்தியா அளவு. ஆனால் அங்கே ஆண்டு முழுதும் ஓடும் பெரிய ஆறு ஒன்றுகூடக் கிடையாது. தெற்கே 'ருப் அல் காலி' என்ற மணற்கடல் மட்டும் சுமார் 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர். பெயருக்குப் பொருள் 'வெறுமையான காற்பகுதி'. ஐந்து தமிழ்நாடுகளை அதற்குள் வைத்துவிடலாம்.

5. எல்லாம் மணலா?

பாலைவனம் என்றதும் மணல்மேடுதான் மனத்தில் வருகிறது. ஆனால் அரேபியாவில் மணல் மூடிய இடம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மற்றவை சரளைக் கற்சமவெளி, பாறை மலை, கருகிய எரிமலைக் குழம்புத் தரை. கடைசியாகச் சொன்னதற்கு 'ஹர்ரா' என்று பெயர். மதீனா நகரைச் சுற்றி இந்தக் கருங்கல் தரைகள் உண்டு. 1256-ஆம் ஆண்டில் மதீனாவுக்கு அருகே எரிமலை வெடித்து 52 நாள் குழம்பு ஓடியது. நல்லவேளையாக ஊருக்குள் வரவில்லை.

6. கஅபாவைச் சூழ்ந்த வெள்ளம்

மக்காவில் ஓர் ஆண்டு முழுதும் பெய்யும் மழை சராசரியாக 11 செ.மீ. தான். 2015 டிசம்பர் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டியது 49 செ.மீ. மக்காவுக்கு அது நாலு வருஷ மழைக்கும் மேல். ஆனாலும் வெள்ளம் அங்கே புதிதல்ல. மக்கா ஊரே மலைகளுக்கு நடுவே ஒரு வறண்ட ஓடைப் பள்ளத்தில் இருக்கிறது. இத்தகைய பள்ளத்துக்கு 'வாதி' என்று பெயர். மலையில் மழை பெய்தால் தண்ணீர் முழுதும் அங்குள்ள புனித ஆலயமான கஅபாவை நோக்கித்தான் வரும். 1941-இல் வந்த வெள்ளத்தில் கஅபாவை ஒருவர் நீந்திச் சுற்றும் புகைப்படமே இருக்கிறது.

7. ஒரு துணி தீர்த்த வழக்கு

நபிகள் நாயகத்துக்கு 35 வயது இருக்கும்போது, வெள்ளத்தில் பழுதான கஅபாவை மக்காவின் குறைஷிக் குலத்தார் திரும்பக் கட்டினார்கள். கூரைக்கு மரம் கிடைக்காத ஊர். செங்கடல் கரையில் உடைந்து ஒதுங்கிய ஒரு கப்பலின் மரம் கைகொடுத்தது. சுவர் எழும்பியதும் கஅபாவின் புனிதக் கருங்கல்லைத் தூக்கி அதன் இடத்தில் வைப்பது யார் என்று குலங்களுக்குள் போட்டி. கத்தியை உருவும் நிலை. அப்போது முகம்மது ஒரு துணியை விரித்து, கல்லை அதன் நடுவில் வைத்து, ஒவ்வொரு குலத் தலைவரையும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கச் சொன்னார். கல் மேலே வந்ததும் தம் கையால் எடுத்துப் பதித்தார். எல்லாரும் தூக்கினார்கள், யாரும் தோற்கவில்லை.

8. தமிழ்நாட்டுப் பாலை

சங்க இலக்கியம் சொல்லும் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வறண்டு தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆனால் கண்ணால் பார்க்கக்கூடிய மணற்காடு ஒன்று நம்மிடம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தின் குதிரைமொழித் தேரியும் சாத்தான்குளம் தேரியும் செக்கச்செவேலென்ற மணல்மேடுகள். காற்றடித்தால் மணல் நகரும். அரபு வணிகர் வந்து கலந்த காயல்பட்டினம் இந்தத் தேரிப் பக்கத்து ஊர்தான்.

9. மரக்காணத்தில் படுத்த ஒட்டகம்

ஒட்டகம் தமிழுக்குப் புதிய விருந்தாளி அல்ல. தொல்காப்பிய மரபியலிலேயே அதன் பெயர் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்துக் கடற்கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகளைத் தூங்கும் ஒட்டகத்துக்கு ஒப்பிடுகிறது. எயிற்பட்டினம் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் கடந்துபோகும் மரக்காணப் பகுதி என்பார்கள் அறிஞர்கள். அந்தப் பத்துப்பாட்டை 1889-இல் அச்சில் ஏற்றித் தந்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் பெயர் தாங்கிய நூலகம் பெசன்ட் நகரில்தான் இருக்கிறது.

10. திமிலில் தண்ணீர் இல்லை

ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு. தண்ணீரைச் சேமிப்பது அதன் உடம்பு முழுவதின் சாமர்த்தியம். பகலில் உடற்சூட்டை 41 டிகிரி வரை ஏறவிட்டு வியர்வையைத் தள்ளிப்போடும். இரவில் 34 வரை இறக்கிக்கொள்ளும். தாகமெடுத்த ஒட்டகம் 10, 15 நிமிஷத்தில் 100 லிட்டர் குடித்துவிடும். வேறு விலங்கானால் திடீரென்று சேரும் அவ்வளவு நீரில் ரத்தச் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். ஒட்டகத்தின் சிவப்பணு நீள்வட்டமாக இருப்பதால் தாங்குகிறது.

11. ரோமத்தால் ஒரு வீடு

'பெதூயின்' என்ற பெயர் 'பத்வ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஊர் எல்லைக்கு வெளியே, வெட்டவெளியில் வாழ்கிறவர்கள் என்று பொருள். அவர்கள் வீட்டுக்குப் பெயரே 'ரோம வீடு'. கறுப்பு ஆட்டு ரோமத்தைப் பெண்கள் நூற்று நெய்வார்கள். கூடாரத்தை அடிப்பதும் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. வெயிலில் நெசவு தளர்ந்து காற்று புகும். மழை பட்டால் நூல் உப்பி இடைவெளி அடைபட்டு, தண்ணீர் ஒழுகாது. மின்சாரம் இல்லாமலே கோடைக்கும் மழைக்கும் ஏற்றபடி மாறும் கூரை இது.

12. மூன்று நாள் விருந்து

பாலையில் ஒருவனுக்குக் கதவை மூடினால் அவன் இறந்துபோவான். அதனால் விருந்தோம்பல் அங்கே சட்டம். வந்தவன் பகையாளி ஆனாலும் மூன்று நாள் சோறும் பாதுகாப்பும் கொடுத்தாக வேண்டும். நபிகள் நாயகமும் விருந்தினருக்கு மூன்று நாள் உரிமை உண்டு, அதற்குமேல் கொடுப்பது தர்மக் கணக்கு என்று வகுத்தார். தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்கே புதுமை என்றுதான் மூலப்பொருள். உறவினர் வந்தால் அது வேறு. முன்பின் தெரியாத புதியவர் வந்தால்தான் விருந்து. இரண்டு நாகரிகமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

13. பாலையில் வளர்ந்த பிள்ளை

மக்காவின் நல்ல குடும்பங்கள் கைக்குழந்தையைப் பாலையிலுள்ள பெதூயின் தாயிடம் வளர்க்கக் கொடுப்பது வழக்கம். சுத்தமான காற்று, திடமான உடம்பு, கலப்பில்லாத அரபு, மூன்றும் அங்கே கிடைக்கும் என்பது நம்பிக்கை. ஏறத்தாழ கி.பி. 570-இல் பிறந்த முகம்மதை அப்படி வளர்த்தவர் பனூ சஅத் குலத்து ஹலீமா. பிறக்குமுன்பே தந்தையை இழந்த பிள்ளை என்பதால் கூலி பெரிதாக வராது என்று மற்ற செவிலித் தாய்மார் ஒதுக்கிய குழந்தையை அவர் எடுத்துப்போனார். பின்னாளில் அவர் தம்மைக் காண வந்தபோது, நபி தம் மேலாடையை விரித்து அவரை அமரச் செய்தார் என்று வரலாறு சொல்கிறது.

14. கூடாரம் இருந்த இடம்

இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் கவிதைகளில் தலைசிறந்தவை 'முஅல்லகாத்'. ஏழு என்பார்கள், பத்து என்று எண்ணும் தொகுப்புகளும் உண்டு. இவை பெரும்பாலும் தொடங்குவது ஒரே காட்சியில்: காதலியின் கூட்டம் மேய்ச்சல் தேடிப் போய்விட்டது; கூடாரம் இருந்த இடத்தில் சாம்பலும் அடுப்புக்கல்லும் மட்டும் கிடக்கின்றன; கவிஞன் ஒட்டகத்தை நிறுத்தி அழுகிறான். நம் பாலைத்திணைக்கு உரிப்பொருள் பிரிவு. இரண்டு மொழிக் கவிஞர்களும் வறண்ட நிலத்தைப் பார்த்தவுடன் பிரிவைத்தான் நினைத்தார்கள்.

15. அகத்தியரும் ஸுஹைலும்

பிப்ரவரி மாதத்தில் இரவு 9 மணிவாக்கில் எலியட்ஸ் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே பளிச்சென்று ஒரு வெள்ளை விண்மீன் தெரியும். நாம் அதை அகத்தியர் நட்சத்திரம் என்கிறோம். வானத்து விண்மீன்களில் ஒளியில் இரண்டாவது. பெதூயின்களுக்கு அது 'ஸுஹைல்'. ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன் அது தென்பட்டால் கொடுங்கோடை முடிகிறது என்று அவர்களுக்குச் சேதி. கார்த்திகைக்குப் பின்னால் வரும் ரோகிணிக்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'பின்தொடர்பவன்' என்று பொருள். திருவோணம் அவர்களுக்குப் 'பறக்கும் கழுகு'. நம் நட்சத்திரம் 27. அவர்கள் சந்திரனுக்கு வகுத்த வீடுகள் 28. கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது இதைச் சொல்லுங்கள்.

16. ஏமாந்த வியாபாரிக்காக ஒரு சத்தியம்

மக்காவில் விளைச்சல் கிடையாது. குளிர்காலத்தில் யேமனுக்கும் கோடையில் சிரியாவுக்கும் போகும் ஒட்டக வணிகக் கூட்டங்கள்தான் ஊரின் பிழைப்பு. ஒருமுறை யேமனிலிருந்து வந்த வெளியூர் வியாபாரியிடம் சரக்கை வாங்கிக்கொண்டு உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் காசு கொடுக்க மறுத்தார். அதைக் கேட்டு மக்காவின் சில தலைவர்கள் ஒரு வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூரார் ஆனாலும் வெளியூரார் ஆனாலும் அவர் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்று அதற்குப் பெயர். இளைஞரான முகம்மதும் அதில் இருந்தார். பாண்டி பஜாரில் வெளியூர்க்காரர் பேரம் பேசும் ஒவ்வொரு கடையிலும் நினைக்கத்தக்க சத்தியம் அது.

17. ஹிஜ்ரத்தின் வழிகாட்டி

கி.பி. 622. மக்காவில் உயிருக்கு ஆபத்து. நபிகள் நாயகமும் தோழர் அபூபக்ரும் மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். மதீனா வடக்கே, அவர்கள் முதலில் போனது தெற்கே, தவ்ர் குகைக்கு. மூன்று இரவு அங்கே. அபூபக்ரின் ஆட்டிடையர் மந்தையை அந்த வழியாக ஓட்டிக் காலடித் தடங்களை அழித்தார். பிறகு புழக்கமில்லாத கடலோரத் தடத்தில் மதீனாவுக்கு அழைத்துப்போனவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்ற பாலைவன வழிகாட்டி. அவர் முஸ்லிம் அல்லர். தலைக்கு நூறு ஒட்டகம் பரிசு என்று மக்கா அறிவித்திருந்தது. அதையெல்லாம் பார்க்காமல் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்தார். இஸ்லாமிய ஆண்டுக்கணக்கே ஹிஜ்ரத் எனப்படும் இந்தப் பயணத்திலிருந்து தொடங்குகிறது.

18. கீற்றுக் கொட்டகைப் பள்ளிவாசல்

இன்று பல லட்சம் பேர் தொழும் மதீனா நபி பள்ளிவாசல் முதலில் எப்படி இருந்தது? பச்சை மண் கல்லால் சுவர். பேரீச்ச மரத்தை வெட்டி நட்ட தூண்கள். மேலே பேரீச்ச ஓலை. நம் ஊர்க் கீற்றுக் கொட்டகைதான். மழை பெய்தால் தரை சேறாகும். கல் சுமந்தவர்களில் நபியும் ஒருவர். தொழுகைக்கு அங்கே முதலில் குரல் கொடுத்த பிலால், அபிசீனிய வம்சத்தவர். அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்.

19. அதிக மாசம் இல்லாத பஞ்சாங்கம்

சந்திர ஆண்டுக்கு 354 நாள்தான். சூரியனோடு அதைச் சேர்த்துப்போக நம் பஞ்சாங்கங்கள் அவ்வப்போது ஓர் அதிக மாசத்தைச் சேர்க்கின்றன. பழைய அரேபியாவிலும் அந்த வழக்கம் இருந்தது; குர்ஆன் அதை நிறுத்தியது. அதனால் இஸ்லாமிய மாதங்கள் ஆண்டுதோறும் 11 நாள் அளவுக்கு முன்னால் வருகின்றன. ரமலான் என்ற பெயர் சுட்டெரிக்கும் வெப்பத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ஆனால் ஏறத்தாழ 33 ஆண்டில் அது கோடை, மழை, பனி எல்லாவற்றையும் சுற்றிவந்துவிடும். உலகில் எங்கே வாழ்பவருக்கும் கடினமான நோன்பும் எளிய நோன்பும் மாறிமாறிக் கிடைக்கும்.

20. ஒட்டகத்தில் எழுதிய வரி

பணத்துக்கு ஸகாத் என்னும் கட்டாய தர்மம் இரண்டரை சதவீதம் என்பது பலருக்குத் தெரியும். மேய்ச்சல்காரர்களுக்கு வகுத்த கணக்கு தெரியுமா? 5 ஒட்டகம் இருந்தால் ஓர் ஆடு. 40 ஆடு இருந்தால் ஓர் ஆடு. அதற்குக் குறைந்தால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். சில்லறையே இல்லாத பாலைவனத்தில் ஏழைக்குச் சேர வேண்டியதை எண்ணிக் கொடுக்க ஆடுதான் நாணயம்.

21. பள்ளி, தொழுகை, நோன்பு

தமிழ் முஸ்லிம்கள் மசூதியைப் பள்ளிவாசல் என்கிறார்கள். நமாஸைத் தொழுகை என்கிறார்கள். ரோஸாவை நோன்பு என்கிறார்கள். மூன்றும் பழந்தமிழ்ச் சொற்கள். 'பள்ளி' முன்பு சமண, பௌத்தத் துறவியர் தங்குமிடத்துக்கும் வழங்கியது. பாவை நோன்பிருக்கும் மார்கழியும் நோன்புக் கஞ்சி கொதிக்கும் ரமலானும் ஒரே சொல்லைப் பகிர்கின்றன. கச்சேரி சாலைப் பள்ளிவாசலின் பெயரிலும் அந்தத் தமிழ் இருக்கிறது. நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது.

22. மக்காவில் நெல்வயல்

நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாக்கியவர் உமறுப்புலவர். 17-ஆம் நூற்றாண்டு. நூல் சீறாப்புராணம். விலாதத்து (பிறப்பு), நுபுவ்வத்து (நபித்துவம்), ஹிஜ்ரத்து (இடப்பெயர்வு) என மூன்று காண்டம். இதில் நாட்டுப் படலத்தைப் படித்தால் வியப்பு வரும். மேகம் கடல்நீர் முகந்து மலையில் பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நாற்று நடுகிறார்கள். அரபு நாட்டைத்தான் பாடுகிறார்! தம் மனத்துக்குப் பிடித்த பெருமகனார் பிறந்த மண்ணைத் தாமறிந்த சொர்க்கமாகிய தாமிரபரணிக் கரையாகவே புலவர் பார்த்தார். புவியியல் தவறு என்று யாராவது சொல்லலாம். அன்பின் கணக்கில் அது முற்றிலும் சரி.

23. சென்னையில் பேசப்பட்ட நபி வரலாறு

நபி வரலாறு பற்றி உலகெங்கும் மதிக்கப்படும் உருது நூல்களில் ஒன்றின் பெயர் 'குத்பாதே மதராஸ்', அதாவது சென்னைச் சொற்பொழிவுகள். 1925-இல் அறிஞர் சையது சுலைமான் நத்வி இங்கே வந்து ஆற்றிய எட்டு உரைகள் அவை. குர்ஆனில் வரும் நிலப்பகுதிகளைப் பற்றி அதற்கு முன்பே அவர் தனி நூல் எழுதியிருந்தார். 1929 ஜனவரியில் கவிஞர் இக்பாலும் சென்னையில் இஸ்லாமியச் சிந்தனை பற்றி உரையாற்றினார். இத்தகைய உரைகளுக்குப் பொருளுதவி செய்தவர் தோல் வணிகர் ஜமால் முகம்மது. அடையாறும் சளைக்கவில்லை. பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள் கோயில், பௌத்த ஆலயம் ஆகியவற்றோடு 1937-இல் கட்டிய ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. அன்னி பெசன்ட் நபிகள் பற்றி ஆற்றிய உரையை அடையாற்றிலிருந்தே நூலாகவும் வெளியிட்டார்கள்.

24. சாம்பிராணிப் புகையில் ஒரு வரலாறு

வெள்ளிக்கிழமை மாலை. தி. நகர் ரங்கநாதன் தெரு. தோளில் துண்டு போட்ட ஒரு பாய், கையில் தணல் சட்டியோடு கடை கடையாக ஏறுகிறார். ஒரு சிட்டிகைச் சாம்பிராணிப் பொடியைத் தூவி, மயிலிறகால் கல்லாப்பெட்டியை நோக்கி வீசுகிறார். கல்லாவில் இருப்பவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, தட்டில் காசு போடுகிறார். பாத்திரக்கடையில் முருகன் படம், அடுத்த கடையில் மாதா படம். புகை எல்லாவற்றுக்கும் போகிறது.

சாந்தோம் தேவாலயத்துத் தூபத்தில் எரியும் குந்திருக்கம் ஓமன், யேமன், சோமாலியா பக்கத்து மரங்களின் பிசின். அதைச் சுமந்த ஒட்டகக் கூட்டங்களால்தான் பழைய அரேபியாவின் வணிகப் பாதைகள் உருவாயின. சாம்பிராணியோ சுமத்ரா பக்கத்து மரத்துப் பிசின். அரபு வணிகர் அதற்கு 'லுபான் ஜாவி' என்று பெயரிட்டார்கள். ஜாவாக் குந்திருக்கம் என்று பொருள். ஐரோப்பியர் வாயில் அது 'பென்சாயின்' ஆயிற்று. வேதியியல் வகுப்பில் படிக்கும் 'பென்சீன்' அதன் பேரப்பிள்ளை.

25. மொட்டைமாடியில் ஒரு குச்சி

சென்னையிலிருந்து மக்கா நேர்வானத் தூரத்தில் ஏறத்தாழ 4,400 கி.மீ. இங்கே தொழுகைத் திசை நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 டிகிரி சாய்ந்தது. கருவி இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கு இரண்டு முறை வாய்ப்பு வருகிறது. மே 28-ஆம் தேதியையும் ஜூலை 16-ஆம் தேதியையும் ஒட்டி, மக்காவின் நண்பகலில் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். நம் கடிகாரத்தில் மே மாதம் பிற்பகல் 2:48, ஜூலை மாதம் 2:57. அந்த நிமிஷத்தில் மொட்டைமாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். நிழல் விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மக்கா. கத்திரி வெயில் முடியும் தறுவாயில் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

26. தண்ணீருக்குப் போகும் பாதை

ஷரீஅத் என்ற சொல்லைக் கேட்டால் சட்டப் புத்தகம் நினைவுக்கு வரும். அரபியில் அதன் மூலப்பொருள் நீர்நிலைக்குப் போகும் பாதை. பாலையில் வாழ்ந்தவனுக்கு வழி என்றால் தண்ணீருக்குப் போகும் வழிதான். முஸ்லிம்கள் மதீனாவுக்கு வந்த புதிதில் ரூமா என்ற கிணற்றுத் தண்ணீரை அதன் உடைமையாளர் விலைக்கு விற்றுவந்தார். நபித்தோழர் உஸ்மான் தம் சொந்தப் பணத்தில் அந்தக் கிணற்றை வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கினார். வாங்கியவருக்கும் அதில் மற்றவர்களைவிட ஒரு வாளி கூடுதல் உரிமை கிடையாது.

அந்தக் கிணறு நம் ஊரிலும் ஊறுகிறது. திருவல்லிக்கேணியில் 1795-இல் ஆற்காடு நவாப் குடும்பத்தார் கருங்கல்லால் எழுப்பிய வாலாஜா பள்ளிவாசலுக்கு ரமலான் மாதத்தில் ஒரு மாலை போய்ப் பாருங்கள். ஒரு வேன் வந்து நிற்கும். தலையில் தொப்பி அணிந்த தொண்டர்கள் அண்டா அண்டாவாக இறக்குவார்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் நோன்பாளிகளுக்குக் குனிந்து குனிந்து பரிமாறுவார்கள். உணவு முழுக்கச் சைவம். வருவது மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையிலுள்ள சூஃபிதார் அறக்கட்டளையிலிருந்து. பிரிவினையில் சிந்து மண்ணை விட்டுச் சென்னைக்கு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய தொண்டு இது. பரிமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். பல பத்தாண்டுகளாக நிற்காமல் நடக்கிறது. அகதியாக வந்த ஒருவருக்கு ஊர் இடம் கொடுத்தது. அவர் ஊருக்குச் சோறு போட்டார்.

ஹிஜ்ரத் பயணத்துக்கு வழிகாட்டிய அந்தப் பாலைவனத்து மனிதரையும் இந்தத் தொண்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மார்க்கம் வேறாக இருந்தாலும் வழிப்போக்கரைக் கைவிடக்கூடாது என்ற பாடம் 1,400 ஆண்டுகளில் மங்கவே இல்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கத்திரியில் உங்கள் வாசலில் ஒரு மண்பானை தண்ணீரும் ஒரு குவளையும் வையுங்கள். வெயிலில் சோறு கொண்டுவரும் டெலிவரி பையனும், குப்பை அள்ளும் அம்மாவும், தபால்காரரும் கேட்காமலே எடுத்துக் குடிக்கட்டும். யார், எந்த ஊர் என்று விசாரிக்க வேண்டாம். குடித்து முடிக்கும் வரை அவர்கள் நம் விருந்தினர்.